மஃரிபுக்கு முன் அரை மணித்தியாலம்

புதிதாகக் கமரா வாங்கிய தம்பிமார் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். நானூறு போதுமா, அறுநூறு வேணுமா என்பார்கள். ஆந்தையை எடுக்க ஆசைப்படுகிறவருக்கு நான் சொல்வது வேறு. பிளேன்டி சூடாக இருக்கிறது, ஆறும்வரை கேளுங்கள். பள்ளிவாசல் சுவரில் தொழுகை நேர அட்டவணை தொங்குகிறதல்லவா, அதில் மஃரிபுக்கு நேரே போட்டிருக்கிற நேரத்தைப் பாருங்கள். ஆந்தை எடுக்கிறவருக்கு லென்ஸின் நீளத்தைவிட அந்த நேரம் முக்கியம்.

சூரியன் மறைந்ததும் மஃரிப் பாங்கு சொல்கிறார்கள். கல்முனை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழரைப் பாகைக்குள் இருக்கிற ஊர். இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்குவதில்லை, ஏறத்தாழ நேராகக் கீழே போய்விடும். லண்டனில் ஜூன் மாதத்து அந்தி முக்கால் மணித்தியாலம் நீளும். நமக்கு 22 நிமிடமளவில் சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே போய், அந்தி இருட்டத் தொடங்கிவிடும். மேகமில்லாத நாளில் சூரியன் மறையும் கணத்தில் வெட்டவெளியில் ஏறத்தாழ 400 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அந்த 22 நிமிடம் முடியும்போது அது மூன்று நான்கு லக்ஸாகக் குறைந்திருக்கும். அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிறது. உங்கள் கண்ணுக்கு இது தெரியாது. கண் தானாகச் சரிசெய்துகொண்டே போகும். கமராதான் சொல்லும்.

எண்ணாகவே சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எஃப் 5.6 திறப்புள்ள சாதாரண நீள லென்ஸ், மர நிழலோரத்தில் ஆந்தை. மஃரிபுக்கு அரை மணித்தியாலம் முன்பு ஐஎஸ்ஓ 1600 வைத்தால் 1/125 செக்கன் கிடைக்கும், நிம்மதியாக எடுக்கலாம். பாங்கு சொல்லும்போது ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றியும் 1/40தான் வரும். பாங்கு முடிந்து பத்து நிமிடத்தில் 6400க்குப் போனாலும் 1/10. அதன் பிறகு மரத்தில் ஆந்தை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், படத்தில் தெரியாது.

இயற்கை வெளிச்சத்தில் மட்டும்தான் எடுப்பேன் என்று முடிவெடுத்தவருக்கு இந்தக் கணக்கே வரம்பு கட்டிவிடுகிறது. நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமும் இதுதான். மஃரிபுக்குப் பின் கால் மணித்தியாலத்தில் உங்கள் கமரா ஓய்ந்துபோகும். கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் பெரும்பாலான ஆந்தைகள் இரை தேடப் புறப்படும். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து பள்ளிக்கோ வீட்டுக்கோ போய்விட்டால், ஆந்தைக்குச் செய்யக்கூடிய தொந்தரவில் பெரும்பங்கு தானாகவே இல்லாமல் போகிறது. டோர்ச்சும் ஃபிளாஷும் தேவைப்படுவது அந்த எல்லையைத் தாண்டி நிற்க நினைக்கிறவருக்குத்தான். ஆந்தையின் கண் உருண்டையானதல்ல, குழாய் போல நீண்டது. எலும்பு வளையத்துக்குள் இறுகி இருப்பதால் குழிக்குள் திரும்பாது. அதனால்தான் 270 பாகைவரை கழுத்தைத் திருப்புகிறது. மங்கிய வெளிச்சத்தை உணரும் கலங்கள் நிறைந்த அந்தக் கண், இருட்டில் கண்மணியை முழுக்க விரித்து வைத்திருக்கும் நேரத்தில் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எலியை நோக்கிப் பாயப்போன பறவை சற்று நேரம் பார்வை கலங்கி நிற்கும். அன்றைய இரை போய்விடும்.

எல்லை போடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. சம்மாந்துறை, நாவிதன்வெளிப் பக்கத்து வட்டைகளில் யானை இறங்கும். இருட்டிய பிறகு வரம்பில் முக்காலியோடு நிற்பது வீரமில்லை. லகுகலைக்கோ குமணவுக்கோ போனால் மாலை 6 மணிக்குப் பூங்காவை விட்டு வெளியே வந்தாக வேண்டும். சுபஹ் தொழுதுவிட்டுப் போகிறவருக்கு இதே கணக்கு தலைகீழாக நடக்கும். வெளிச்சம் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், ஆந்தை வேலை முடித்துத் தங்குமிடம் திரும்பும். எனக்கு விருப்பம் காலைதான். மாலையில் பறவை பசியோடு இருக்கிறது, காலையில் இளைப்பாற வருகிறது. தங்குமிடம் உங்களுக்கு முன்பே தெரிந்திருந்து, பறவை வருமுன்னே தள்ளி ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், அது உங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

நம் பக்கத்தில் எந்த ஆந்தை? வீட்டு வளவில் மாமரத்திலும் தென்னையிலும் இருப்பது பெரும்பாலும் கொம்புச் சிற்றாந்தை. ஒரு சாண் நீளம், மரப்பட்டை நிறம், மண்ணிறக் கண். இரவில் தவளை கூப்பிடுகிற மாதிரி மெல்ல, இடைவெளி விட்டு விட்டுக் குரல் கொடுக்கும். பலர் அதைத் தவளை என்றே நினைத்து வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். குளத்தோரம், ஆற்றோரம் மருத மரங்களில் இருப்பது மீன்பிடி ஆந்தை, அரை மீட்டர் உயரம். காட்டோரத்தில் காட்டுச் சிற்றாந்தை இருக்கிறது. பகலிலும் நடமாடும் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர் இயற்கை வெளிச்சத்தில் கைபழகுவதற்கு அதைவிட நல்ல பறவை இல்லை. இதய வடிவ முகமுள்ள கூகையும் உண்டு, ஆனால் நம் நாட்டில் எங்கும் காணக்கூடிய பறவையல்ல.

சிற்றாந்தையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் படிக்க வேண்டிய பாடம் முழுவதும் அதன் உடம்பில் இருக்கிறது. பகல் பத்து மணி. தண்டோடு ஒட்டி, இலை அடர்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இறகெல்லாம் தளர்ந்து உடம்பு உருண்டையாக, கண் மூடி, கொம்பு போன்ற இறகுகள் படிந்து கிடக்கின்றன. இது நிம்மதியான பறவை. நீங்கள் ஐந்தாறு அடி முன்னே வைக்கிறீர்கள். ஒரு கண் கீற்றாகத் திறக்கிறது. அதிலேயே நின்றுவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கண் மறுபடி மூடினால், நீங்கள் நிற்கிற தூரத்தை அது ஏற்றுக்கொண்டது என்று பொருள். மூடாமல், இன்னும் கிட்டப் போனால் என்ன நடக்கும்? உடம்பை நீட்டி மெலிகிறது. கொம்புகள் நிமிர்கின்றன. இறகை இறுக்கி, கண்ணைக் கீற்றாக வைத்துக்கொண்டு, பட்டுப்போன கிளைத் துண்டு மாதிரி ஆகிவிடுகிறது. படம் பிடிக்கிறவர்கள் பலர் இதைப் பார்த்து ‘போஸ் குடுக்குது’ என்று மகிழ்கிறார்கள். அது பயத்தின் நிலை. அங்கிருந்து அடுத்த படி பறந்துபோவதுதான்.

பறந்தால் என்ன, இன்னொரு மரத்தில் உட்காரும்தானே என்று கேட்பீர்கள். நம் ஊரில் காக்கை எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரையில் மீன் வாடிகள் இருக்கிற ஊர்களில் அவை கூட்டம் கூட்டமாக இருக்கும். பகலில் வெளியே வந்த ஆந்தையை ஒரு காக்கை கண்டால் போதும், கரைந்து ஊரைக் கூட்டிவிடும். கரிச்சான்களும் சேர்ந்துகொள்ளும். ஆந்தை வளவுக்கு வளவு துரத்தப்படும். நாள் முழுக்க ஓய்வில்லை, நல்ல தங்குமிடமும் போயிற்று. இத்தனையும் நீங்கள் வைத்த ஐந்தடியில் தொடங்கியது.

ஆகவே நான் ஒரு படத்தைப் பார்க்கும்போது முதலில் பறவையின் உடம்பைப் பார்ப்பேன். இரண்டு கண்ணும் அகல விரிந்து, லென்ஸையே முறைத்துக்கொண்டிருக்கிற படத்துக்குத்தான் பேஸ்புக்கில் விருப்பம் குவிகிறது. அவற்றில் பல, தொந்தரவுக்குள்ளான பறவையின் படங்கள். கண் மூடித் தூங்குகிற ஆந்தையின் படத்தைச் சோம்பலான படம் என்று தள்ளிவிடாதீர்கள். எடுத்தவர் ஒழுங்காக நடந்துகொண்டார் என்பதற்கு அந்த மூடிய கண்ணே சாட்சி. இறகின் ஒவ்வொரு கோடும் தெரிய, பட்டையோடு பட்டையாக அது கரைந்து கிடக்கிற அழகை, முறைக்கிற கண்ணில் காண முடியாது.

அந்தப் படத்துக்கு உச்சி வெயில் ஆகாது. இலைகளுக்கூடாக விழும் வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழுந்து, பாதி வெளுத்தும் பாதி கறுத்தும் போகும். வானத்தை வெண்மேகம் மூடிய நாள்தான் நல்ல நாள். வெயில் நாளாக இருந்தால், நிழல் முழுதாக விழும்வரை காத்திருங்கள். கறுத்த இலைகளுக்கு நடுவில் கமரா தானாக அளந்தால் பறவையை வெளுத்துக் காட்டும். வானம் பின்னால் இருந்தால் கறுப்பாக்கும். முகத்தை மட்டும் அளந்து, கிட்ட இருக்கிற கண்ணில் கூர்மையை வையுங்கள். ரோ (RAW) வடிவில் எடுங்கள். மணல் மணலாக இருக்கிற படத்தை வீட்டில் சரிசெய்யலாம், ஆடிய படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. ஐஎஸ்ஓவை ஏற்றப் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி மீன்பிடி ஆந்தை. இதை அறிவியலில் பதிவு செய்ததே இலங்கைப் பறவையை வைத்துத்தான், 1788இல், கிமெலின் என்ற ஜெர்மானியர். தவளை, நண்டு, மீன் தின்னும். கால் வெறுங்காலாக இருக்கும், வழுக்கும் மீனைப் பிடிக்க அடிப்பாதம் சொரசொரப்பாக இருக்கும். மற்ற ஆந்தைகளின் சிறகோரத்தில் சத்தத்தை அடக்கும் மெல்லிய விளிம்பு இருக்கிறது, இதற்கு அது இல்லை. ஆகவே தலைக்கு மேலே போனால் சிறகுச் சத்தம் கேட்கும். மீனுக்குத் தண்ணீருக்கு மேலே நடப்பது கேட்காது, பிறகு எதற்கு அமைதி? மஃரிபுக்குச் சற்று முன்பே தங்கிய மரத்திலிருந்து இறங்கி, தண்ணீருக்குப் பக்கத்தில் பட்ட மரக்கட்டையிலோ கல்லிலோ வந்து உட்காரும் பழக்கம் இதற்கு உண்டு. இயற்கை வெளிச்சக்காரருக்கு இது பெரிய கொடை. மரத்துக்குள் இருட்டிய பிறகும் தண்ணீர்ப் பரப்பு மேற்கு வானத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எங்கே உட்காருவது என்பதைத் திசையை வைத்து முடிவு செய்யுங்கள். நமக்குக் கிழக்கே கடல், மேற்கே வட்டையும் குளங்களும். மாலையில் நீங்கள் மேற்குக் கரையில் இருந்து கிழக்கே பார்த்தால், அந்தி வானம் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பறவையின் முகத்துக்கு வெளிச்சம் தரும். கிழக்குக் கரையில் இருந்தால் பறவை கறுத்த உருவாகத் தெரியும். அதுவும் வேண்டிய படமே. வானத்தை அளந்து எடுங்கள், கொம்பு இறகுகளின் வடிவம் மட்டும் போதும். முகம் எடுக்க முடியாத அளவு இருட்டிய பிறகும் அந்த உருவப்படத்துக்கு ஐந்தாறு நிமிடம் மிச்சம் இருக்கும்.

1/10 செக்கனில் ஆடாமல் எடுப்பது எப்படி? ஆந்தை உதவும். அவ்வளவு அசையாமல் இருக்கிற பறவை வேறு குறைவு. உங்கள் பக்கம் ஆடாமல் இருந்தால் போதும். முக்காலி இல்லாதவர் துணிப்பைக்குள் நெல்லை முக்கால்வாசி நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள், லென்ஸை அதில் அழுத்தி வைத்தால் நங்கூரம் போட்ட மாதிரி நிற்கும். தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக வரும், ஏனென்றால் முதல் படம் உங்கள் விரல் அழுத்தத்தில் ஆடும், நடுப் படங்கள் ஆடாது. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த வித்தை பலிக்காது. ஆந்தை அசையாது, அது இருக்கிற கிளை அசையும். அந்த மாதங்களில் காலையில் காற்று எழும்புமுன் போங்கள், அல்லது கட்டையில், கல்லில் இருக்கிற பறவையைத் தேடுங்கள். பெரும்போக அறுவடை முடிந்த நாட்களில் மாரி ஓய்ந்து வானமும் தெளிந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். அதுவே எனக்குப் பிடித்த பருவம்.

ஒளிந்திருக்கக் கூடாரம் வாங்கத் தேவையில்லை. வரம்பில் நிமிர்ந்து நிற்கும் மனிதனைக் கண்டு பறக்கிற பறவை, ஓரமாக நிறுத்திய த்ரீவீலைக் கண்டு பறப்பதில்லை. எஞ்சினை நிறுத்திவிடுங்கள், அதன் நடுக்கம் படத்தில் விழும். உள்ளே பின் இருக்கையில் இருந்துகொண்டு, நெற்பையைக் கம்பியில் வைத்து எடுக்கலாம். பாட்டு வேண்டாம். கைபேசி மௌனத்தில் இருக்கட்டும்.

மௌனம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கூகையின் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. ஒலி இரண்டையும் எட்டுகிற வித்தியாசத்தை வைத்தே, முழு இருட்டில் எலி இருக்கும் இடத்தைக் குறி தவறாமல் பிடிக்கும். இருட்டறையில் கூகையை வைத்து இதை நிறுவியவர் ரொஜர் பெயின் என்ற அமெரிக்கர். திமிங்கிலத்தின் பாட்டை 1970இல் இசைத்தட்டாக உலகுக்குக் கேட்கச் செய்தவரும் அவரே. அப்படிப்பட்ட காதுக்குப் பக்கத்தில் உங்கள் ஷட்டர் ‘டக் டக்’ என்று அடிப்பது என்ன என்று யோசியுங்கள். இப்போதைய கமராக்களில் சத்தமில்லாத ஷட்டர் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. கைபேசியில் ஆந்தைக் குரலைப் போட்டு அதை வரவழைக்கிற பழக்கம் பரவிவிட்டது. செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் வேறு ஆந்தை வந்துவிட்டது என்று எண்ணி, அது இரை தேடுவதை விட்டு, சில வேளை குஞ்சையும் விட்டு, இல்லாத எதிரியைத் தேடி வருகிறது. குரலைக் கேட்டுப் பின்தொடர்வது வேறு, அதற்கு எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே இருக்கிறது. தீபால் வாரகாகொட 1995இல் கித்துல்கலைக் காட்டில் இன்னதென்று தெரியாத ஒரு குரலைக் கேட்டார். அதற்குரிய பறவையைக் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜக் காட்டில். இடையில் ஏறத்தாழ ஆறு வருடம். உலகம் அறியாத ஆந்தை அது. 2004இல் முறையாகப் பெயரிட்டு வெளியிட்டபோது, சிங்கராஜவைக் காக்கப் பாடுபட்ட திலோ ஹொஃப்மனின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

கூட்டுப் பக்கம் போகவே வேண்டாம். எரிக் ஹொஸ்கிங் என்று இங்கிலாந்தில் பேர்பெற்ற பறவைப் புகைப்படக்காரர் இருந்தார். 1937இல் வேல்ஸில் கூட்டருகே போனபோது ஆந்தையின் நகம் பட்டு ஒரு கண்ணை இழந்தார். உங்கள் கண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. தாய்ப் பறவை பறந்துபோன கூடு காக்கைக்குத் திறந்துவிட்ட வாசல்.

இவ்வளவு கவனமாக நீங்கள் எடுத்தாலும், பக்கத்து வளவுப் பிள்ளைகள் கல்லெறிந்தால் எல்லாம் வீண். ஆந்தை கத்தினால் வீட்டில் மௌத்து விழும் என்று நம் மூத்தம்மாமார் சொல்லி வளர்த்தார்கள். கொல்லப்பட்டவனின் தலையிலிருந்து ஹாமா என்ற ஆந்தை வெளிப்பட்டுப் பழி கேட்டு அலறும் என்று அறியாமைக் காலத்து அரபிகள் நம்பினார்கள். அப்படி எதுவும் இல்லை, பறவையில் சகுனம் பார்ப்பதும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்தது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கல்லெடுத்த பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள், பிறகு கமராவின் திரையில் தூங்குகிற ஆந்தையைக் காட்டுங்கள். பெரியவர்களிடம் எலியைப் பற்றிப் பேசுங்கள். கதிர் பருவத்தில் எலி வெட்டிய வயலைப் பார்த்த விவசாயிக்கு, எலி தின்னும் பறவை எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. நஞ்சு தின்று தள்ளாடும் எலியை ஆந்தை பிடித்தால் அந்த நஞ்சு ஆந்தைக்கும் போகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைப் பலர் யோசித்ததில்லை.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அட்டவணையில் விலக்கிய சில பறவைகளைத் தவிர மற்றெல்லாவற்றையும் காக்கிறது, ஆந்தைகளையும் சேர்த்து.

படம் நன்றாக வந்துவிட்டது என்று வையுங்கள். போடுமுன் கைபேசியில் இடம் பதியும் வசதியை நிறுத்துங்கள். பறவை பார்ப்பவர்களின் ஈபேர்ட் தளமே சில ஆந்தைகளின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. அம்பாறை மாவட்டம் என்று எழுதினால் போதும். எந்தக் குளம், எந்த மருத மரம் என்று கேட்டு உள்பெட்டிக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பிளேன்டிக் கதையைச் சொல்லுங்கள், மரத்தைச் சொல்ல வேண்டாம். வளவுக்குள் எடுத்த படமாக இருந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுங்கள். அடுத்த முறை அந்தக் கிளையை வெட்ட ஆள் வரும்போது அவர் யோசிப்பார்.